பெரியவளுக்குக் கொடுத்த அம்மி

"பெரியவளுக்கு மொட்டை போட்டாச்சு. சின்னவளுக்கு இன்னும் பத்து நாள் ஆகும்."

விசாரணை அதிகாரி இதைச் சத்தமாகப் படித்ததும் வகுப்பறையே சிரித்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சுகளில், முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பண்ணைக் காரியஸ்தர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். அவருக்கு அந்தச் சிரிப்பில் ஆதாயம் இருந்தது.

அப்பா சிரிக்கவில்லை. ஆசிரியர் மேஜைக்கு முன்னால் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். காக்கி டிராயர், வெள்ளைச் சட்டை, இடது காலில் மட்டும் கான்வாஸ் ஷூ. அந்தக் காலில் இரண்டு விரல்களை வடக்கே பனியில் விட்டுவிட்டு வந்தவர் அவர்.

அந்தக் கடிதத்தை எழுதியவள் நான். எழுதும்போது எனக்கு எட்டு வயது. விசாரணை நடந்தபோது பதினான்கு. 'மொட்டை'யை நான் 'மெட்டை' என்று எழுதியிருந்ததை அதிகாரி திருத்திப் படித்தார் என்பதால் அவர் மேல் எனக்கு இன்றுவரை ஒரு மரியாதை உண்டு.

போன வாரம் இந்தப் பத்தியில் வெளியானதைப் படித்துவிட்டு நன்னிலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "உங்கள் அப்பா சண்டைக்குப் போனவர் என்கிறீர்கள், ஒரு துப்பாக்கிக் கதைகூடச் சொல்லவில்லையே?" அம்மணி, அவர் எங்களுக்கே சொன்னதில்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த பெரிய சண்டை, பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு புதன்கிழமை காலையில் நடந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

புத்தகத்தில் ஒரு வரி

எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. குடமுருட்டி ஆற்றிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலை ஒட்டி, பண்ணைக்குச் சொந்தமான இரண்டு துண்டு வயல்களைத் தாத்தா காலத்திலிருந்து குத்தகைக்குச் சாகுபடி செய்து வந்தோம். வாய்க்காலோரம் இருந்தது பெரிய துண்டு. அதற்குக் கீழே சின்னத் துண்டு.

அது அறுவடை என்றாலே போலீஸ் வேன் வந்து நிற்கிற காலம். ஒரு பக்கம் விவசாயச் சங்கத்துக் கொடி, ஒரு பக்கம் பண்ணையின் வெளியூர் ஆட்கள். டீக்கடையில் கறுப்பு சிவப்புக் கரைத் துண்டு போட்டவர்கள் ஆட்சியைப் பிடித்த பெருமையைப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த அரசாங்கம்தான் குத்தகைக்காரர்களின் பெயரைப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி ஊர் ஊராக அதிகாரிகளை அனுப்பியது. புத்தகத்தில் பெயர் ஏறிவிட்டால், 'நாளைக்கு வயலில் இறங்காதே' என்று யாரும் வாயால் சொல்லி வெளியேற்ற முடியாது. ஒரே ஒரு வரிதான். அந்த வரிக்காக ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

எங்கள் பெயரை ஏற்றக்கூடாது என்று பண்ணை ஆட்சேபம் எழுதிக் கொடுத்தது. மாணிக்கம் பட்டாளத்தில் இருந்தபோது அவருடைய தகப்பனார் இறந்துவிட்டார். அதன்பிறகு மூன்று வருஷம் நிலத்தைப் பண்ணையே சாகுபடி செய்தது. குத்தகை அங்கேயே அறுந்துவிட்டது. திரும்பி வந்த மாணிக்கம் வெறும் கூலியாள். இதுதான் அவர்கள் கட்சி.

மாணிக்கம் என்பது அப்பாவின் பெயர். நான் எழுதலாம். அம்மா சொல்லமாட்டாள். எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர் பெயரும் மாணிக்கம்தான் என்பதால், "செவப்புக்கல் கடையில போயி மொளகா வாங்கிட்டு வா" என்றுதான் என்னை அனுப்புவாள். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்றால் கடைக்காரர் என்ன பாவம் செய்தார் என்று நான் பலதடவை கேட்டிருக்கிறேன்.

எதிரி படிப்பான்

இனி அந்தக் கடிதங்களின் கதை.

தாத்தா இறந்த வருஷம்தான் எல்லையில் சண்டை மூண்டது. அப்பாவால் காரியத்துக்குக்கூட வர முடியவில்லை. மூன்று வருஷம் லீவே கிடையாது. வீட்டில் அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி. ஏர் மட்டும் ஒன்றுவிட்ட பெரியப்பா ஓட்டிக் கொடுப்பார். அதற்கு மாற்றாக அம்மா அவர் வயலில் நாற்று நடுவாள். மற்றபடி வரப்பு வெட்டுவது, தண்ணீர் கட்டுவது, களை எடுப்பது, கதிரைக் களத்தில் சேர்ப்பது எல்லாம் அவள்தான்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான் இன்லண்ட் லெட்டரில் எழுதுவேன். முதல் கடிதத்துக்கு முன்பே தபால்காரர் எங்களை எச்சரித்திருந்தார். "சண்டைக்காலம் தாயி. பட்டாளத்து லெட்டரைப் பிரிச்சுப் படிப்பாங்க. எதிரி கையில மாட்டினாலும் மாட்டும். இடம், எண்ணிக்கை எதையும் எழுதப்படாது."

அவர் சொன்னது சிப்பாய்கள் எழுதும் கடிதத்துக்கு. அம்மா அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக்கூடாது என்று முடிவு செய்துவிட்டாள்.

"எதிரிக்கு நம்ம வயலு எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"எதிரின்னா எல்லையில மட்டும்தான் இருப்பானாடி? தபாலாபீஸ் பக்கத்து வீட்ல யாரு இருக்கா, சொல்லு" என்றாள். அங்கே இருந்தவர் காரியஸ்தர்.

ஆகவே பெரிய துண்டு 'பெரியவள்' ஆனது, சின்னத் துண்டு 'சின்னவள்'. தண்ணீர் பாய்ச்சினால் தலைக்கு ஊற்றியாயிற்று. நடவு முடிந்தால் பச்சைப் புடவை கட்டியாயிற்று. அறுவடைக்கு மொட்டை.

அப்பா இரண்டாவது கடிதத்திலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டார். அவருடைய கூட்டாளிகளுக்குப் புரியவில்லை. மாணிக்கத்துக்கு இரண்டு பெண்கள், வருஷத்துக்கு இரண்டு தடவை மொட்டை போடுகிறார்கள், பாவம் தலையில் என்ன வியாதியோ என்று கூடாரத்தில் பேச்சு. மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர் பேனுக்கு மருந்து எழுதிய சீட்டையே கொடுத்தாராம். எங்கள் குறுவைப் பயிருக்கும் தாளடிப் பயிருக்கும் வைத்தியம் சொன்னவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

ஒரே ஒரு கடிதம் மட்டும் அப்பாவுக்குப் புரியவில்லை. அது ஐப்பசி மழையில் எழுதியது. "பெரியவ வாய் தாங்கலை. என் அம்மியைக் குடுத்துட்டேன். இப்ப சமாதானமா இருக்கா."

அந்தக் கடிதத்தை எழுதியவளான எனக்கே அப்போது அது என்னவென்று தெரியாது. அம்மை போட்டு, அம்மாவைப் பெற்ற ஆத்தா வீட்டில் ஒரு மாதம் கிடந்துவிட்டு வந்திருந்தேன். சமையலறையில் அம்மியைக் காணவில்லை. குழவி மட்டும் மூலையில் சுவரோடு சாய்ந்து கிடந்தது. எங்கே என்று கேட்டதற்கு, "பெரியவளுக்கு வேண்டியிருந்தது, எழுது" என்றாள். கேள்வி கேட்டால் கன்னத்தில் விழும் என்பது தெரிந்து எழுதினேன். அதன்பிறகு பக்கத்து வீட்டு அம்மியில்தான் எங்களுக்கு மசாலா.

இல்லாத இடத்தில் ஆஜர்

விசாரணைக்கு முதல் நாள் சங்கத்து அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், எங்களுக்காக அலைந்தவர்.

"மாணிக்கம், நாளைக்கு ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை லீவுல வந்தேன், நான்தான் சாகுபடி பண்ணேன்னு. அவ்வளவுதான். பட்டாளத்துல போயி யாரு விசாரிக்கப் போறா?"

"நான் வரலையேண்ணே."

"வரலைதான். சொல்லுங்கன்னுதானே சொல்றேன்."

அப்பா விரல் போன காலைத் தடவிக்கொண்டார். "பட்டாளத்துல தினம் காலையில பேரு கூப்புடுவாங்க. ஆஜர்னு சொல்லணும். இல்லாதவனுக்காக இன்னொருத்தன் ஆஜர் சொன்னா, அது அங்க பெரிய குத்தம். அந்த மூணு வருஷம் வயல்ல ஆஜரா இருந்தது அவ. நான் எப்படி என் பேரைச் சொல்றது?"

"அப்ப நெலம் போயிடும்."

"போனா போவட்டும்னு சொல்லலைண்ணே. எனக்குப் பயமாத்தான் இருக்கு."

அப்பா பயம் என்ற சொல்லைச் சொல்லி அன்றுதான் கேட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏர் ஓட்டிய பெரியப்பாவும் சாட்சிக்கு வர மறுத்துவிட்டார். அவர் குடிசை பண்ணை மனையில் இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அப்போதும் சரி, இப்போதும் சரி.

ஆக, புதன்கிழமை காலையில் அதிகாரி, "அந்த மூணு வருஷம் சாகுபடி செஞ்சது யாரு?" என்று கேட்டபோது அப்பா, "என் சம்சாரம் அஞ்சலைங்க. நான் ஒரு நாள்கூட வயல்ல எறங்கலை" என்றார்.

காரியஸ்தர் துள்ளி எழுந்தார். "எழுதிக்கிங்க ஐயா! அவரே ஒத்துக்கிட்டாரு!"

சங்கத்து அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா தன் இரும்புப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய இன்லண்ட் கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். எல்லாவற்றிலும் தபால் முத்திரை இருந்தது. பிறகு நடந்ததுதான் முதலில் சொன்ன மொட்டைக் கதை.

சின்னவள் யார்?

"ஐயா, இதுல நெலம் எங்க இருக்கு?" காரியஸ்தருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வீட்டுப் பொம்பளைப் புள்ளைங்க சமாச்சாரம். பெரியவ இதோ நிக்கிறா பாருங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் கட்டியிருந்தார்.

"உனக்குத் தங்கச்சி இருக்காம்மா?"

"இல்லீங்க. ஒரு தம்பிதான்."

"அப்ப சின்னவ யாரு?"

காரியஸ்தரின் சிரிப்பு நின்றது. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். வாசல் பக்கம் பெண்களோடு நின்றிருந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ரெண்டும் வயலுங்க. பேரு சொல்லாம எழுதச் சொன்னது நான்தான்." மொட்டை, புடவை, தலைக்கு ஊற்றுவது எல்லாவற்றையும் அவள் வரிசையாகச் சொன்னாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆனால் காரியஸ்தர் லேசில் விடுகிறவர் இல்லை.

"இப்ப உக்காந்து அர்த்தம் சொன்னா ஆச்சுங்களா? யாரு வேணும்னாலும் சொல்லலாமே!"

அதிகாரி கடிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஒன்றில் நின்றார். "பெரியவ வாய் தாங்கலை. என் அம்மியைக் குடுத்துட்டேன். இது என்னம்மா? வயலுக்கு எதுக்கு அம்மி?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்ததை நான் பார்த்தேன், ஏனென்று தெரியவில்லை.

"வந்தா காட்டுறேங்க" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "வீட்ல போயி குழவியைத் தூக்கிக்கிட்டு வயலுக்கு வா" என்றாள்.

வாய்மடை

எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷம் உண்டு. கல் கிடைக்காது. எவ்வளவு தோண்டினாலும் வண்டல்தான். ஒரு நாயை விரட்ட வேண்டும் என்றாலும் மண்ணாங்கட்டிதான். வீட்டில் இருக்கும் அம்மியும் ஆட்டுக்கல்லும் மாட்டுவண்டியில் வெளியூரிலிருந்து வந்தவை. அதனால்தான் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது அம்மியும் போகும்.

நான் குழவியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூச்சிரைக்க வரப்பில் வந்து சேர்ந்தபோது அரை ஊர் அங்கே நின்றது. அம்மா பெரிய துண்டின் வாய்மடையில், வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் நுழையும் அந்த இடத்தில், முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்றாள். அங்கே ஒரு தட்டைக் கல் பதிந்திருக்கும். எல்லாருக்கும் தெரிந்த கல். அப்பா தினமும் அதன் மேல் நின்றுதான் மடையைத் திறப்பார், அடைப்பார்.

அம்மா மண்வெட்டியால் அதன் ஓரத்தை நெம்பினாள். "ஒரு கை புடிங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். இருவரும் சேர்ந்து கல்லைப் புரட்டிப் போட்டார்கள். அவள் முந்தானையால் சேற்றை வழித்தாள்.

நடுவில் வழவழவென்று தேய்ந்த பள்ளம். ஓரத்தில் ஒரு மூலை உடைந்திருந்தது. தம்பி தவழும் வயதில் உலக்கையைத் தள்ளி உடைத்த மூலை. நான் குழவியைக் கொடுத்தேன். அம்மா அதை அந்தப் பள்ளத்தில் வைத்தாள். அது அப்படியே உட்கார்ந்தது.

"ஐப்பசி மழைங்க. வாய் பிச்சுக்கிட்டுப் போச்சு. போட்ட மண்ணெல்லாம் கரையுது. நட்டு நாலு நாளு ஆன பயிரு. வீட்ல இருந்த கல்லு இது ஒண்ணுதான். தூக்கிட்டு வந்து போட்டேன். பண்ணை சாகுபடின்னா பண்ணையில எத்தனையோ அம்மி இருக்குமே, என் அம்மி எப்படிங்க இங்க வரும்?"

அதிகாரி குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார். கடிதத்தின் முத்திரையை இன்னொரு தடவை பார்த்தார். காரியஸ்தர் எதையோ சொல்ல வாயெடுத்து, பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

அந்த நேரத்தில் நாங்கள் எல்லாரும் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டோம். அம்மாதான் பார்த்தாள். அப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, என்னங்க ஆச்சு?"

"நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன் அஞ்சலை."

அந்தக் கடிதத்தில் வந்த பெரியவள் வயல் இல்லை, நான் என்று அவர் நினைத்திருக்கிறார். பசியில் நான் ஓயாமல் அழுததாகவும், என் வாயை அடைக்க அம்மா சீதன அம்மியையே விற்றுவிட்டதாகவும். பனியில் காவல் நிற்கும்போதெல்லாம் அதே நினைப்பு. காசு மிச்சப்படட்டும் என்று அன்றோடு பீடியை விட்டிருக்கிறார். ஊருக்கு வந்து குழவி தனியாகக் கிடப்பதைப் பார்த்தும் கேட்கத் தைரியம் வரவில்லை. புருஷன் இருந்தும் பட்டினி போட்டதைச் சொல்லிக்காட்டுவது போல் ஆகிவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷமும் அந்த அம்மியின் மேலேயே ஏறி நின்று தண்ணீர் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"கேட்டிருக்கப்படாதா? கேட்டா சொல்லியிருக்க மாட்டேனா?" என்றாள் அம்மா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கல்யாணத்துல அம்மி மிதிக்க வேண்டியது பொண்ணு. எங்க வீட்ல மாப்புள மிதிச்சிருக்காரு" என்று அதிகாரியிடம் சொன்னாள். அந்த மனிதர் தன் வேலையை மறந்து சிரித்தார்.

கணவர் பெயர்

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியதும் அதிகாரி பேனாவைத் திறந்தார். சாகுபடிதாரர் அஞ்சலை. அடுத்த கட்டம் கணவர் பெயர்.

"சொல்லுங்கம்மா."

அம்மா தரையைப் பார்த்தாள்.

"கணவர் பேரும்மா."

அப்பா வாயைத் திறந்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க இருங்க. அவங்கதான் சொல்லணும்."

அம்மா ஒரு முடிவுக்கு வந்தவளாக நிமிர்ந்து, அப்பாவின் பட்டாள நம்பரைச் சொன்னாள். ஒரு இலக்கம்கூடத் தட்டாமல், மூச்சு விடாமல். அதைத் தொடர்ந்து கம்பெனி, ரெஜிமெண்ட். மூன்று வருஷம் ஒவ்வொரு இன்லண்டுக்கும் எனக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். பெயர் வரும் இடத்தில் மட்டும், "நீயே எழுதிக்கடி" என்பாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் சங்கத்து அண்ணன்தான் பெயரைச் சொன்னார். வரி ஏறியது.

அந்த வாரக் கடைசியில் அப்பா கும்பகோணத்தில் ஒரு புது அம்மி வாங்கி, பஸ் ஸ்டாண்டிலிருந்து தோளில் சுமந்துகொண்டு, அந்தக் காலோடு நடந்து வந்தார். பழையது வாய்மடையிலேயே இருந்தது. பெரியவளுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான் என்றாள் அம்மா. ஆனால் குழவி பழையதுதான். அன்றிலிருந்து வீட்டில் அரைக்கிற வேலை அப்பாவுடையது. காக்கி டிராயரோடு சமையலறையில் உட்கார்ந்து தேங்காய் அரைப்பார். ஊர் அதற்கு மிலிட்டரி சட்னி என்று பெயர் வைத்தது. அவர் சட்டை செய்யவில்லை. "நெலம் யாருதுங்க?" என்று யாராவது கேட்டால், "அஞ்சலையோட சாகுபடி. நான் கூடமாட நிக்கிறவன்" என்பார். அதில் கேலியே இருக்காது.

அம்மாவைச் சீண்ட மட்டும் ஒரு கேள்வி வைத்திருந்தார். "நம்பரை இவ்வளவு ஜோரா சொல்றியே, பேரை எப்பத்தான் சொல்லுவே?"

"அதெல்லாம் சொல்ற அன்னிக்குச் சொல்லுவேன், போங்க."

அப்பா எண்பதைத் தாண்டி, ஒரு தை மாதம், களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தபோது போனார். மூன்று வாரம் கழித்துக் குடும்பப் பென்ஷனுக்காக அம்மாவைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். நான் தபால் இலாகாவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள், எனக்குப் படிவங்கள் பழக்கம். ஆனாலும் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

"நம்பர் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார் குமாஸ்தா.

பக்கத்து நாற்காலியிலிருந்து அம்மா நம்பரைச் சொன்னாள். அதே வேகம்.

குமாஸ்தா ஆச்சரியத்தோடு எழுதிக்கொண்டு, "பேரு?" என்றார்.

நான் சொல்லப் போனேன். அம்மா என் கையை அழுத்தினாள். ஏதோ முணுமுணுத்தாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"காதுல விழலைம்மா. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து நின்றாள்.

"மாணிக்கம்" என்றாள்.